முதல் ஒரு மணி நேரம் யார் கையில்? 26/11க்குப் பிறகு மகாராஷ்டிரத்தின் முன் இருந்த வழிகள்

2008 நவம்பர் 26 இரவு ஒன்பதரை மணி வாக்கில் தென் மும்பையில் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கின. தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள் ஹரியானாவில் உள்ள மானேசர் முகாமிலிருந்து கிளம்பி, டெல்லிக்கு வந்து, விமானம் பிடித்து, மும்பையில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகத் தாஜ் ஹோட்டலை அடைந்தபோது மறுநாள் பொழுது விடிந்துவிட்டது. நள்ளிரவுக்குப் பிறகு கடற்படையின் மார்கோஸ் வீரர்கள் சிலர் வந்திருந்தார்கள். அதற்கு முந்தைய நேரம் முழுவதும் நகரம் மும்பை போலீஸின் சாதாரண காவலர்கள் கையில் இருந்தது. பலரிடம் லத்தி, சிலரிடம் பழைய .303 ரைஃபிள், அதிகாரிகளிடம் பிஸ்டல். எதிரே ஏ.கே. ரகத் துப்பாக்கியும் கையெறி குண்டும் வைத்திருந்த பத்துப் பேர்.

166 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக்கும் உள்துறையைக் கவனித்துவந்த துணை முதல்வர் ஆர்.ஆர். பாட்டீலும் பதவியை விட்டுப் போனார்கள். அடுத்து வந்த அசோக் சவான் அரசு, ராம் பிரதான், வி. பாலச்சந்திரன் ஆகிய இருவர் கொண்ட குழுவை அமைத்தது. 2009 ஏப்ரலில் அறிக்கை வந்தது. அந்தக் காலத்தில் மாநில அமைச்சரவையின் மேஜையில் குவிந்த யோசனைகளை ஐந்து கட்டாகக் கட்டிவிடலாம்: சொந்தமாக ஒரு கமாண்டோ படை, நகரமெங்கும் கேமரா, கடலுக்குப் படகு, கடுமையான சட்டம், காவல் நிலையங்களைப் பலப்படுத்துவது. எல்லாவற்றையும் செய்வோம் என்றுதான் எந்த அரசும் அறிவிக்கும். பணமும் ஆளும் அதிகாரிகளின் கவனமும் எல்லாவற்றுக்கும் போதாது என்பது அறிவிக்கிறவர்களுக்கும் தெரியும். அப்படியானால் எதை முதலில் செய்வது?

போலீஸும் பொது ஒழுங்கும் நம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மத்திய அரசு தன் பங்குக்கு 2008 டிசம்பர் கடைசியில் தேசியப் புலனாய்வு முகமைக்குச் சட்டம் கொண்டுவந்தது. 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படைக்கு முகாம்களைத் திறந்தது. மற்றதெல்லாம் மாநிலத்தின் தலையில். எனவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பவை மூன்று. தாக்குதலின் முதல் ஒரு மணி நேரத்தில் இது உதவுமா? பரபரப்பு அடங்கி ஐந்து வருடம் போன பிறகும் வேலை செய்யுமா? தப்பான ஆள்மீது பாய்ந்தால் அதற்கு என்ன விலை?

கமாண்டோ படை

மகாராஷ்டிரம் மிக வேகமாகச் செய்துகாட்டியது இதைத்தான். தேசியப் பாதுகாப்புப் படையின் மாதிரியில் 'ஃபோர்ஸ் ஒன்' என்ற படையை உருவாக்கி, சுமார் இருநூறு பேரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, 2009 நவம்பர் 24 அன்று, அதாவது முதல் நினைவு நாளுக்கு இரண்டு நாள் முன்னால், மேடையேற்றிவிட்டது. கறுப்பு உடை, புதுத் துப்பாக்கி, கயிற்றில் இறங்கும் வீரர்கள். கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. மானேசரிலிருந்து உதவி வரும்வரை இரவு முழுக்கக் காத்திருந்த நகரத்துக்கு, தன் எல்லைக்குள்ளேயே ஒரு படை இருக்கிறது என்ற நம்பிக்கை தேவைப்பட்டது. ஹோட்டல் அறைகளில் பிணைக்கைதிகளோடு பதுங்கியிருப்பவனை வெளியேற்ற, அதற்கென்றே பயிற்சி பெற்ற குழுவால்தான் முடியும். கான்ஸ்டபிளை அங்கே அனுப்புவது கொலை.

ஆனால் இந்தப் படை எந்தக் கட்டத்தில் உதவும் என்று பார்க்க வேண்டும். சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் இருவர் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றுவிட்டு வெளியேற ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆனது. மும்பையின் புறநகரான கோரேகாவில் உள்ள அதன் முகாமிலிருந்து எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும், தென் மும்பையில் அந்த ரயில் நிலையக் கொலைகளைத் தடுக்க முடிந்திருக்காது. தாஜிலும் டிரைடெண்ட் ஹோட்டலிலும் நரிமன் ஹவுஸ் யூத மையத்திலும் நடந்ததுபோல நீண்டுகொண்டே போகும் முற்றுகைக்குத்தான் அது. இன்னொரு சிக்கல், வருடக்கணக்கில் தாக்குதலே நடக்காதபோது இப்படிப்பட்ட படையைக் கூர்மங்காமல் வைத்திருப்பது. சும்மா இருக்கும் நல்ல வீரர்களைப் பார்த்தால் பிரமுகர் பாதுகாப்புக்கு அனுப்பலாமே என்ற ஆசை எந்தத் தலைமைச் செயலகத்துக்கும் வரும்.

பெரிய முகாம் ஒன்றை விட, நகரத்தின் பல மூலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட விரைவு நடவடிக்கைக் குழுக்களைப் பிரித்து நிறுத்துவது மேல் என்பது என் கணக்கு. அத்தகைய குழுக்களையும் மும்பை அப்போது அமைத்தது. அவற்றுக்கு அணிவகுப்பு மேடை கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கேமரா

தாஜில் அந்த இரவு நடந்த ஒரு காட்சியை, கேமராவுக்காக வாதாடுகிறவர்களிடமும் எதிர்க்கிறவர்களிடமும் நான் சொல்வதுண்டு. துணை ஆணையர் நிலையிலுள்ள அதிகாரிகளும் சில காவலர்களும் துணிந்து ஹோட்டலுக்குள் நுழைந்து, கண்காணிப்புக் கேமராக்களின் அறையை அடைந்துவிட்டார்கள். எந்த மாடியில், எந்த நடைபாதையில் பயங்கரவாதிகள் நடக்கிறார்கள் என்பது திரையில் தெளிவாகத் தெரிந்தது. கையில் பிஸ்டல்கள். கூடுதல் படை கேட்டார்கள். அது வந்து சேரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கண் இருந்தது, கை இல்லை.

பிரதான் குழு நகரத்துக்குக் கேமரா வலைப்பின்னல் வேண்டும் என்று சொன்னது. அரசு ஒப்புக்கொண்டது. பிறகு டெண்டர், டெண்டர் ரத்து, மறு டெண்டர், வழக்கு, இன்னொரு டெண்டர். இதற்கிடையில் 2011 ஜூலை 13 மாலை ஜவேரி பஜார், ஓபரா ஹவுஸ், தாதர் ஆகிய மூன்று இடங்களில் குண்டுகள் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போதும் கேமராத் திட்டம் காகிதத்தில்தான் இருந்தது. 2015இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தாகி, சுமார் 950 கோடி ரூபாய் செலவில், 4,700க்கும் மேற்பட்ட கேமராக்களோடு 2016 அக்டோபரில் திட்டம் முழுமையடைந்தது. தாக்குதல் நடந்து ஏறக்குறைய எட்டு வருடம்.

கேமரா வீண் என்று சொல்ல மாட்டேன். சம்பவத்துக்குப் பிறகான விசாரணையில் அதன் மதிப்பு பெரியது. போக்குவரத்து, திருட்டு, கூட்ட நெரிசல் என்று அன்றாடக் காவலுக்கும் உதவுவதால், ஐந்து வருடம் கழித்தும் யாராவது அதைத் துடைத்துப் பராமரிப்பார்கள். இந்த விஷயத்தில் அது கமாண்டோ படையை வெல்கிறது. முதல் ஒரு மணி நேரத்துக்கு வந்தால், திரையின் முன்னால் விழித்திருக்கும் ஆளும், அவர் சொல்வதைக் கேட்டு ஓட ஆயுதமுள்ள ஆளும் இருந்தால்தான் கேமராவுக்குப் பொருள் உண்டு. ஒரு பெரிய ரயில் நிலையத்தின் வாசலில் இருந்த மெட்டல் டிடெக்டர் கதவு வழியாகப் போன வருடம் நான் மூன்று முறை போனேன். மூன்று முறையும் அது கத்தியது. பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. 26/11க்குப் பிறகு நாடு முழுக்க முளைத்த கதவுகளில் அதுவும் ஒன்று.

படகு

பத்துப் பேரும் கராச்சியிலிருந்து கடல் வழியாக வந்தவர்கள். நடுவழியில் 'குபேர்' என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் மும்பையை நெருங்கியவர்கள். ஆகவே படகு வாங்குவோம் என்று தோன்றியது இயற்கை. அன்றைய கணக்கில் மகாராஷ்டிரத்துக்குச் சுமார் 720 கிலோமீட்டர் கடற்கரை. வேகப் படகுகள், நீரிலும் நிலத்திலும் ஓடும் படகுகள், கடலோரக் காவல் நிலையங்கள் என்று பணம் போனது.

வாங்கிய படகு கடலுக்குப் போக டீசல் வேண்டும், ஓட்டத் தெரிந்தவர் வேண்டும், பழுது பார்க்க ஆண்டு ஒப்பந்தம் வேண்டும். கடலோர மாநிலங்கள் பலவற்றில் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்வது, படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன, ரோந்து நேரம் திட்டமிட்டதில் கொஞ்சம்தான் என்று. இதைவிட உறுத்துவது பழைய கதை. 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் இறந்தார்கள். அதற்கான ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தும் ஆயுதங்களும் ராய்கட் மாவட்டத்தின் திகி, ஷேகாடி கரைகளில் இறங்கின. அன்று தடுக்கும் இடத்தில் அரசு ஆட்கள் இருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு வழிவிட்ட காவல், சுங்கத் துறை ஆட்கள் பின்னர் தண்டனை பெற்றார்கள். அதற்கு எந்த வேகப் படகு மருந்து?

2008இல் அந்தப் பத்துப் பேர் ரப்பர் படகில் கரையேறிய இடம் கஃப் பரேடு அருகே பத்வார் பார்க் மீனவர் குடியிருப்பு. கோலி மீனவர்களில் சிலர் அவர்களைப் பார்த்தார்கள். யார் நீங்கள் என்றும் கேட்டார்கள். அந்தச் சந்தேகத்தை உடனே சொல்ல ஓர் எண்ணும், சொன்னால் ஓடிவரும் ஒரு பீட் கான்ஸ்டபிளும் இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. நம் தமிழகக் கரையில் மீனவர்கள் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அழைக்க 1093 என்ற எண் இருக்கிறது. படகுகளுக்கு மாநிலவாரி நிறம், மீனவர்களுக்கு அடையாள அட்டை, 'சாகர் கவாச்' ஒத்திகை ஆகியவையும் வந்திருக்கின்றன. படகோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு சொற்பம். ஆனால் இவை பலிக்க மீனவர் போலீஸை நம்ப வேண்டும்; மீன் சந்தையில் அவரை விரட்டும் அதே போலீஸை.

சட்டம்

இதில் எனக்குச் சந்தேகம் குறைவு, ஆகவே சுருக்கமாக. மகாராஷ்டிரத்திடம் 1999 முதலே திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டம், பேச்சு வழக்கில் 'மோக்கா', இருக்கிறது. காவல் அதிகாரி முன் கொடுக்கும் வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்க வழிசெய்யும் சட்டம் அது. கையில் இப்படி ஒரு குறுக்கு வழி இருந்தால் தடயம் தேடி யார் அலைவார்கள்? 2006 ஜூலை 11 அன்று மும்பை ரயில்களில் ஏழு குண்டுகள் வெடித்து 180க்கும் மேற்பட்டோர் இறந்த வழக்கில் அந்தச் சட்டம் பாய்ந்தது. 2015இல் 12 பேருக்குத் தண்டனை, அதில் ஐவருக்குத் தூக்கு. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னாலும், வெளியே வந்தவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. பத்தொன்பது வருடம் கழித்து, அந்த ரயில்களில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் குற்றவாளி இவர்தான் என்று காட்ட அரசிடம் யாரும் இல்லை. 2006 மாலேகாவ் குண்டுவெடிப்பில் முதலில் கைதான இளைஞர்கள் பத்து வருடம் கழித்து வழக்கிலிருந்தே விடுவிக்கப்பட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கம், அந்தப் பத்துப் பேரில் ஒருவனான கசாப்பின் வழக்கைப் பாருங்கள். மூன்றே மாதத்தில் 11,000 பக்கங்களுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை. கொலை, நாட்டின்மீது போர் தொடுத்தல் போன்ற வழக்கமான பிரிவுகளே பெரும்பாலும் வழக்கைத் தாங்கின. 2010இல் தண்டனை, 2012இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே வழக்கில் சேர்க்கப்பட்ட இந்தியர் இருவரைச் சாட்சியம் போதாது என்று விடுவித்ததும் அதே நீதிமன்றங்கள்தான். அதனாலேயே தண்டனைக்கு மதிப்பு கூடியது. கடுமையான சட்டத்தைவிடத் தடயவியல் ஆய்வகத்துக்கும், சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரித்த விசாரணைப் பிரிவுக்கும் பணம் கொடுப்பது மேல்.

காவல் நிலையம்

ஏன் கசாப் வழக்கு அவ்வளவு உறுதியாக நின்றது? அவன் உயிரோடு பிடிபட்டான். யார் பிடித்தார்கள்? கிர்காம் சௌபாட்டியில், டி.பி. மார்க் காவல் நிலையத்துக்காரர்கள் சாலையில் தடுப்பு போட்டு நின்றார்கள். கடத்தப்பட்ட கார் ஒன்று வருகிறது என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்திருந்தது. கார் நின்றது. உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, முன்னாள் ராணுவ வீரர், கசாப்பின் துப்பாக்கிக் குழலைத் தன் கையால் பற்றிக்கொண்டு, தோட்டாக்களைத் தன் உடலில் வாங்கினார். மற்றவர்கள் லத்தியால் அடித்து அவனை வீழ்த்தினார்கள். அந்த மூன்று நாளில் உயிரோடு பிடிபட்ட ஒரே ஆள் கமாண்டோவிடமும் சிக்கவில்லை, கேமராவாலும் பிடிபடவில்லை. ஒரு காவல் நிலையத்தின் இரவுப் பணியில் இருந்தவர்களிடம் சிக்கினான்.

ரயில் நிலையத்திலும் அப்படித்தான். அங்கே மிக அதிகம் பேரைக் காப்பாற்றியது ஓர் ஒலிபெருக்கி. அறிவிப்பாளர் தன் அறையை விட்டு ஓடாமல், எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று பயணிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீரத்தை நம்பி ஓர் அரசு திட்டம் போட முடியாது, சரி. ஓம்ப்ளே அசோக சக்ரா பெற்றது, அவர் செய்ததை எல்லாரும் செய்ய மாட்டார்கள் என்பதால்தானே. அந்த இடத்தில் அவருக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற கை ஒன்றும் நல்ல துப்பாக்கி ஒன்றும் இருந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்கலாம் என்பதே என் வாதம். சுடும் பயிற்சிக்குத் தோட்டா கிடைக்காமல் காவலர்கள் காலம் தள்ளியதைப் பிரதான் குழுவின் விசாரணை வெளியே கொண்டுவந்தது. நெருக்கடிக்கென்று எழுதிவைத்திருந்த நடைமுறை அன்று பின்பற்றப்படவில்லை என்பதையும், ஆணையரின் தலைமை கண்ணுக்குத் தெரியும்படி இல்லை என்பதையும் அது சொன்னது. பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவின் தலைவர் ஹேமந்த் கர்கரே, காவல் அதிகாரிகள் அசோக் காம்தே, விஜய் சலாஸ்கர் மூவரும் காமா மருத்துவமனைப் பக்கச் சந்தில் ஒரே வண்டியில் இருந்தபோது சுடப்பட்டு இறந்தார்கள். துணிச்சலில் குறைவில்லை. யார் எங்கே நிற்பது, யார் கட்டளையிடுவது என்ற ஏற்பாட்டில் குறை.

இந்த வழிக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல் பார்க்கவே சோம்பலாக இருக்கும். பயிற்சித் தோட்டா. சோதித்துப் பார்த்து வாங்கிய குண்டு துளைக்காத உடை. கூட்டம் கூடும் இடங்களை ஒட்டிய நிலையங்களில் ஷிப்டுக்கு இருவராவது தானியங்கித் துப்பாக்கியில் தேறியவர்கள். செல்போன் கோபுரங்கள் திணறும்போதும் வேலை செய்யும் வயர்லெஸ். வருடத்துக்கு இரண்டு ஒத்திகை. காலியாகக் கிடக்கும் கான்ஸ்டபிள் இடங்களை நிரப்புவது. அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டு வருடப் பதவிக்காலம் வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மதிப்பது. எதற்கும் ரிப்பன் வெட்ட முடியாது. அமைச்சர்களை இது ஈர்க்காததன் காரணம் அதைத் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

2022 அக்டோபரில், தீபாவளிக்கு முந்தைய நாள், கோவை உக்கடத்தில் கோயிலுக்கு முன்னால் கார் வெடித்தது. தமிழக அரசு வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றப் பரிந்துரைத்ததோடு, கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையம் ஆகிய இடங்களில் புதிய காவல் நிலையங்களையும் அறிவித்தது. 1998இல் 58 உயிர்களைத் தொடர் குண்டுவெடிப்பில் இழந்த ஊர் அது. காரில் இறந்தவர் 2019இலேயே விசாரணைக்கு அழைக்கப்பட்டவர். அப்படி ஒருவர் திடீரென்று ரசாயனப் பொருள் வாங்கிச் சேர்க்கிறாரா என்று கவனிப்பது டெல்லியால் ஆகிற வேலை அல்ல. அந்தத் தெருவின் காவலருக்குத்தான் அது முடியும். கூடுதல் நிலையம் என்ற முடிவைச் சரியான முடிவு என்பேன், அந்த நிலையங்களில் ஆள் பற்றாக்குறை வராதவரை.

ஆக என் வரிசை இது: காவல் நிலையமும் அதைச் சுற்றியுள்ள மக்களோடு உறவும் முதலில், விசாரணை, தடயவியல் திறன் அடுத்து, பிறகு பரவலாக நிறுத்தப்பட்ட விரைவுக் குழுக்கள், அதன்பின் கேமரா. படகு, டீசலுக்கும் ஆளுக்கும் பத்து வருடத்துக்கு நிதி ஒதுக்கிய பின்னரே. புதுச் சட்டம் வேண்டாம்.

மூன்றாவது இடத்தை மட்டும் ஊரைப் பார்த்து மாற்றுவேன். சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரை ஒட்டிய நெடுங்குன்றத்தில், தேசியப் பாதுகாப்புப் படையின் முகாம் இருக்கிறது. பாரிமுனைக்கு அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல், மாலை ஆறு மணிப் போக்குவரத்தில். கோயம்புத்தூருக்கோ ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர். இந்த இரண்டு ஊருக்கும் ஒரே கோப்பில் ஒரே அளவு பணம் எழுதுகிற அதிகாரி, கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை ஜிஎஸ்டி சாலையில் அந்த நேரத்தில் போய்ப் பார்க்கட்டும்.